தெருவில் புதைக்கிற கருப்புக் குழாய்... 'டி.ஐ. பைப்' எப்படி வேலை செய்யுது? எங்கே உடையுது?

தெருவைத் தோண்டிப் போட்டு, ஓரமா கருப்புக் குழாய்களை அடுக்கி வெச்சிருப்பதைப் பார்த்திருப்பீங்க. ஒரு முனையில் வாய் அகன்றிருக்கும், மறு முனை நேராக இருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் சிமென்ட் பூசிய சாம்பல் நிறம். பக்கத்திலேயே வளைந்தும், மூன்று வாயோடும் சில இரும்புத் துண்டுகள் கிடக்கும். "குடிநீர் லைன் போடுறாங்க" என்று சொல்லிவிட்டுப் பள்ளத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

அந்தக் குழாயின் பெயர் டி.ஐ. பைப். விரிவாகச் சொன்னால் டக்டைல் அயர்ன் பைப். உடையாமல் நெகிழ்ந்து கொடுக்கும் வார்ப்பிரும்பு என்று பொருள். அந்த வளைந்த துண்டுகள்தான் ஃபிட்டிங்ஸ்.

இதை இப்போ ஏன் பேசணும்? ஜல் ஜீவன் திட்டம் 2019 ஆகஸ்ட் 15-ல் அறிவிக்கப்பட்டபோது, நாட்டில் சுமார் 3.23 கோடி கிராமப்புற வீடுகளில்தான் குழாய் இணைப்பு இருந்தது. 2025 மத்திய பட்ஜெட்டில் அந்த எண்ணிக்கை 15 கோடி வீடுகள், அதாவது கிராமப்புற வீடுகளில் சுமார் 80 சதவீதம் என்று சொல்லப்பட்டது. திட்டம் 2028 வரை நீட்டிக்கப்பட்டது. கூடவே, இனி கட்டமைப்பின் தரத்துக்கும் பராமரிப்புக்கும் முக்கியத்துவம் என்றும் அறிவிக்கப்பட்டது.

அதாவது, "குழாய் வந்துச்சா?" என்ற கேள்வி, "வந்த குழாய் எத்தனை வருஷம் தாங்கும்?" என்ற கேள்வியாக மாறியிருக்கிறது. இதற்கான பதில் இரும்புக்குள்ளே இருக்கு.

தோசைக்கல் ஏன் வளையாமல் உடையுது?

வார்ப்பு தோசைக்கல்லைக் கைதவறித் தரையில் போட்டால் வளையாது, இரண்டாக உடையும். சூடான கல்லில் சட்டென்று பச்சைத் தண்ணீரை ஊற்றினாலும் விரிசல் விடலாம். ஆனால் கம்பி கட்டப் பயன்படும் இரும்புக் கம்பியை எவ்வளவு வேண்டுமானாலும் முறுக்கலாம். இரண்டுமே இரும்புதான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

பதில்: கார்பன். கட்டுக்கம்பி போன்ற மென் எஃகில் கார்பன் 0.2 சதவீதம் அளவுக்குத்தான், பெரும்பாலும் அதற்கும் குறைவாகத்தான் இருக்கும். வார்ப்பிரும்பில் அது 3 சதவீதத்தைத் தாண்டும். இந்தக் கூடுதல் கார்பனால் ஒரு நன்மை உண்டு. சுத்தமான இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். கார்பன் அதிகமுள்ள வார்ப்பிரும்பு ஏறத்தாழ 1,150 முதல் 1,200 டிகிரியிலேயே உருகி, தண்ணீர் மாதிரி ஓடும். எந்த அச்சில் ஊற்றினாலும் மூலை முடுக்கெல்லாம் போய் நிரம்பும். அதனால்தான் தோசைக்கல், பழைய தையல் மெஷினின் கால், குழாய் எல்லாமே வார்ப்பிரும்பில் வந்தன.

தீமை என்ன? இரும்பு ஆறும்போது, அதிகப்படி கார்பன் கிராஃபைட்டாகப் பிரிந்து நிற்கும். பென்சிலில் எழுதுகிறோமே, அதே கிராஃபைட்தான். சாதாரண வார்ப்பிரும்பில் அது மெல்லிய செதில்களாகப் படியும். நுண்ணோக்கியில் பார்த்தால் இரும்புக்குள் ஆயிரக்கணக்கான குட்டி பிளேடுகளைச் செருகி வைத்த மாதிரி இருக்கும். வெளியிலிருந்து இழுவிசை வந்தால், ஒவ்வொரு செதிலின் கூர்முனையிலும் விசை குவியும். அங்கே விரிசல் தொடங்கி, அடுத்த செதிலுக்குத் தாவும். வளைவதற்கு நேரமே கிடைக்காமல் பட்டென்று உடைந்துவிடும்.

ஒரு சிட்டிகை மெக்னீசியம் செய்த வேலை

இதற்குத் தீர்வு 1943-ல் கிடைத்தது. அமெரிக்காவில் இன்டர்நேஷனல் நிக்கல் நிறுவனத்தின் ஆய்வகத்தில் கீத் மில்லிஸ் என்ற பொறியாளர், உருகிய வார்ப்பிரும்பில் மெக்னீசியத்தைச் சேர்த்துப் பார்த்தார். ஆறிய இரும்பில் கிராஃபைட் செதில்களைக் காணவில்லை. பதிலாக, குட்டிக் குட்டி உருண்டைகள்! பிரிட்டனில் ஹென்டன் மாரோ என்பவரும் தனியாக, சீரியம் என்ற தனிமத்தைக் கொண்டு இதே மாதிரியான உருண்டைகளைப் பெற்றார். இரண்டு தகவலும் 1948-ல் வெளியே வந்தன. மில்லிஸ் குழுவுக்கு 1949-ல் காப்புரிமை கிடைத்தது.

செதிலுக்குக் கூர்முனை உண்டு, உருண்டைக்குக் கிடையாது. விசை ஒரே புள்ளியில் குவியாமல் உருண்டையைச் சுற்றிப் பரவிவிடும். நடுவில் இருக்கும் இரும்பு நெகிழ நேரம் கிடைக்கும். அவ்வளவுதான் ரகசியம்.

இதன் பலன் எண்ணிக்கையில் தெரியும். சாதாரண வார்ப்பிரும்பை இழுத்தால் 1 சதவீதம்கூட நீளாமல் உடையும். டி.ஐ. குழாயாக இருந்தால், பெரும்பாலான அளவுகளில் குறைந்தது 10 சதவீதமாவது நீண்ட பிறகே அறுபட வேண்டும் என்கிறது தரநிலை. ஃபிட்டிங்ஸுக்கு 5 சதவீதம்.

இத்தனைக்கும் இரும்பில் மிஞ்சி நிற்க வேண்டிய மெக்னீசியம் எவ்வளவு தெரியுமா? சுமார் 0.03 முதல் 0.05 சதவீதம். ஆயிரம் கிலோ இரும்பில் அதிகபட்சம் அரை கிலோதான்.

இங்கேதான் சிக்கலும் இருக்கு. மெக்னீசியம் சுமார் 1,090 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். உருகிய இரும்பின் சூடோ 1,400 டிகிரிக்கு மேல். அதனால் சேர்த்த கணமே கண் கூசும் வெள்ளை வெளிச்சத்தோடு பொங்கி எழும். பிறகு நிமிஷத்துக்கு நிமிஷம் அதன் வீரியம் குறைந்துகொண்டே போகும். சில நிமிடங்களுக்குள் அச்சில் ஊற்றி முடிக்க வேண்டும். தாமதமானால் உருண்டைகள் சிதைந்து, கிராஃபைட் மறுபடி செதில் பக்கம் போய்விடும்.

அப்படி வந்த துண்டை வெளியே இருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. அதே கருப்பு, அதே எடை, அதே வடிவம். நுண்ணோக்கி, இழுவிசைச் சோதனை, மீயொலிச் சோதனை போன்றவைதான் காட்டிக் கொடுக்கும். பட்டறைகளில் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும் உண்டு. நல்ல டக்டைல் இரும்பு மணி போல ஒலிக்கும், செதில் இரும்பு 'டொக்' என்று அடங்கிவிடும்.

குழாய் சுழற்சியில், ஃபிட்டிங்ஸ் மணலில்

நேரான குழாயைச் செய்யும் முறையே தனி. வேகமாகச் சுழலும் உலோக அச்சுக்குள் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். சுழற்சி வேகத்தில் இரும்பு அச்சின் சுவரோடு ஒட்டி, சீரான தடிமனில் குழாயாகிவிடும். துணி துவைக்கும் மெஷினில் ஈரத்துணி டிரம்மின் சுவரில் ஒட்டிக்கொள்கிறதே, அதே கதைதான். பிறகு உலையில் வைத்துப் பதப்படுத்தி, அழுத்தச் சோதனை செய்து, உள்ளே சிமென்ட் கலவையும் வெளியே துத்தநாகமும், அதன் மேல் கருப்புப் பூச்சும் அடிப்பார்கள்.

இந்திய தரநிலையில் குழாய்க்கு ஐ.எஸ். 8329, ஃபிட்டிங்ஸுக்கு ஐ.எஸ். 9523. குழாயில் 'கே7', 'கே9' என்று எழுதியிருக்கும். அது தடிமன் வகுப்பு. உதாரணமா, 300 மி.மீ. அளவுள்ள கே9 குழாயின் இரும்புச் சுவர் 7.2 மி.மீ. தடிமன்.

ஃபிட்டிங்ஸை இப்படிச் சுழற்றிச் செய்ய முடியாது. திரும்பும் இடத்துக்கு 'பெண்டு', பிரியும் இடத்துக்கு 'டீ', பெரிய குழாயிலிருந்து சின்னதுக்கு மாற 'ரெடியூசர்', வால்வு பொருத்த 'ஃபிளாஞ்ச்' துண்டு... ஒவ்வொன்றும் ஒரு வடிவம். மணல் அச்சில்தான் வார்க்க முடியும். மணல் அச்சு சரிந்தால் ஒரு பக்கம் தடித்து, மறு பக்கம் மெலியும். காற்று சிக்கினால் உள்ளே ஓட்டை விழும். இந்த ஆபத்தைக் கணக்கில் எடுத்துத்தான் ஃபிட்டிங்ஸைக் குழாயைவிடக் கூடுதல் தடிமனில், கே12, கே14 என்ற வகுப்புகளில் செய்யச் சொல்கிறது தரநிலை.

ஒரு வளைவில் 12 டன்!

ஃபிட்டிங்ஸ் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு.

நேரான குழாயில் தண்ணீரின் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாக இருப்பதால் குழாய் நகராது. ஆனால் வளைவில் அந்தச் சமநிலை போய்விடும். தண்ணீர் அந்தப் பெண்டை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். 300 மி.மீ. குழாயின் வெளி விட்டம் 326 மி.மீ. அதில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அழுத்தம் இருந்தால், 90 டிகிரி பெண்டின் மீது விழும் தள்ளுவிசை சுமார் 12 டன்.

12,000 லிட்டர் டேங்கர் லாரி தெரியும் இல்லையா? அதில் நிரம்பிய தண்ணீர் முழுவதின் எடையும் ஒரு வளைவைப் பக்கவாட்டில் தள்ளுவதாக நினைத்துப் பாருங்கள். சோதனைக்காக அழுத்தத்தை ஒன்றரை மடங்கு ஏற்றினால் அது 18 டன் ஆகிவிடும்.

டி.ஐ. குழாய்கள் வெல்டிங் செய்து இணைக்கப்படுவதில்லை. அகன்ற வாயில் ஒரு ரப்பர் வளையம், அதற்குள் அடுத்த குழாயின் முனையைத் தள்ளினால் வேலை முடிந்தது. முந்தைய காலத்தில் சணலை அடைத்து, ஈயத்தை உருக்கி ஊற்ற வேண்டியிருந்தது. ரப்பர் வளையத்தில் வேலை சீக்கிரம் முடியும். மண் கொஞ்சம் அசைந்தாலும் இணைப்பு சில டிகிரி வரை வளைந்து கொடுக்கும். ஆனால் ரப்பர் வளையம் கசிவைத்தான் தடுக்கும், இழுப்பைத் தடுக்காது. 12 டன் தள்ளினால் குழாய் வாயிலிருந்து கழன்று வந்துவிடும்.

அதனால்தான் வளைவு, டீ, முடிவு முனை ஆகிய இடங்களில் கான்கிரீட் கட்டை போட வேண்டும். 'த்ரஸ்ட் பிளாக்' என்பார்கள். இல்லையென்றால் கழன்று வராதபடி பூட்டும் தனி வகை இணைப்பைப் பயன்படுத்த வேண்டும். மண்ணுக்குள் போய்விடுவதால் இந்தக் கட்டையை யாரும் பார்ப்பதில்லை. போடாமல் விட்டாலும் யாருக்கும் தெரியாது, லைனில் முழு அழுத்தம் ஏறும் நாள் வரை.

இன்னொரு எதிரி, தண்ணீரின் திடீர் அடி. 'வாட்டர் ஹேமர்' என்பார்கள். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீர் சட்டென்று நின்றால், இரும்புக் குழாயில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோவுக்கு மேல் கூடுதல் அழுத்தம் அலை போலப் பாயும். கரண்ட் போய் மோட்டார் நிற்பதும், வால்வை அவசரமாகத் திருகி மூடுவதும் இதற்கான காரணங்கள். பழைய செதில் இரும்புக் குழாய்கள் இந்த மாதிரி அடியில்தான் நீளவாக்கில் பிளந்துவிடும்.

சரி, துரு?

டக்டைல் இரும்பு உடையாது என்றால் துருப்பிடிக்காது என்று அர்த்தமில்லை. இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு வரும். உப்பு இருந்தால் இன்னும் வேகம். துருவுக்கு, அது தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் தேவை. அதனால் பொருக்குப் பொருக்காக உப்பி நிற்கும்.

உட்பூச்சு இல்லாத பழைய குழாய்களில் இந்தத் துரு முடிச்சு முடிச்சாக வளர்ந்து வழியை அடைக்கும். குழாயின் வழி கால்வாசி சுருங்கினால் தண்ணீர் கால்வாசிதான் குறையும் என்று நினைப்போம். இல்லை. 100 மி.மீ. வழி 75 மி.மீ. ஆனால், அதே அழுத்தத்தில் வரும் தண்ணீர் பாதிக்கும் கீழே போய்விடும். "முன்ன மாதிரி ஃபோர்ஸ் இல்லை" என்று கடைசி வீட்டுக்காரர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

டி.ஐ. குழாயின் உள்ளே இருக்கும் சிமென்ட் பூச்சு இங்கேதான் உதவுது. சிமென்ட் காரத்தன்மை கொண்டது. காரச் சூழலில் இரும்பின் மேல் மெல்லிய பாதுகாப்புப் படலம் உருவாகும். கட்டடக் கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பதும் இதே காரணத்தால்தான். வெளியே இருக்கும் துத்தநாகம் வேறு வழியில் காப்பாற்றும். இரும்புக்குப் பதிலாகத் தானே முதலில் அரிபடும்.

உப்பு மண், சாக்கடை கலந்த சதுப்பு நிலம், கடலோரம் போன்ற இடங்களில் இதுவும் போதாது. அங்கே குழாய்க்கு மேல் பாலித்தீன் உறை போடணும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் இது முக்கியமான விஷயம்.

பழைய வார்ப்பிரும்பில் இன்னொரு ஏமாற்று வேலையும் நடக்கும். மண்ணில் இருக்கும் உப்பு இரும்பை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துவிடும். கிராஃபைட் கூடு அப்படியே நிற்கும். பார்க்க முழுக் குழாய் மாதிரி இருக்கும், ஆனால் கத்தியால் சீவலாம். மேலே ஒரு லாரி போனால் போதும், கதை முடிந்தது.

கசிவு எப்படி நோயாகுது?

குழாய் உடைந்தால் தண்ணீர் வீணாகும் என்பது பாதி உண்மைதான். நம் ஊர்களில் பல இடங்களில் தினமும் சில மணி நேரம், சில இடங்களில் ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் தண்ணீர் விடுகிறார்கள். தண்ணீர் ஓடும்போது உள்ளே அழுத்தம் இருப்பதால் கசிவு வழியாக நல்ல தண்ணீர் வெளியேறும். நிறுத்திய பிறகு குழாய் காலியாகும்போது உள்ளே அழுத்தம் குறைந்துவிடும். அப்போது அதே ஓட்டை வழியாக வெளியில் தேங்கியிருப்பது உள்ளே போகும். பக்கத்தில் கழிவுநீர்க் குழாயும் கசிந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மறுநாள் தண்ணீர் திறந்ததும் முதல் குடம் கலங்கலாகவும் நாற்றத்தோடும் வருவது அதனால்தான்.

இதைத் தடுக்கத்தான் குளோரின் கலக்கிறார்கள். ஆனால் துருவுக்கும் குளோரினுக்கும் ஆகாது. குழாய்க்குள் இருக்கும் துரு, குளோரினைத் தின்றுவிடும். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 2014-ல் நீராதாரத்தை ஆற்றுக்கு மாற்றியபோது, அரிப்பைத் தடுக்கும் ரசாயனத்தைச் சேர்க்கவில்லை. வீட்டு இணைப்புகளில் இருந்த ஈயம் தண்ணீரில் கலந்தது. இரும்புக் குழாய்கள் அரிபட்டுத் தண்ணீர் நிறம் மாறியது, குளோரின் நிற்கவில்லை. குழாய் பழசானால் அது பொறியாளர் பிரச்சினை மட்டும் இல்லை, மருத்துவமனைப் பிரச்சினையும்தான் என்பதற்கு உலகம் பார்த்த பாடம் அது.

பிளாஸ்டிக் குழாய் இருக்கே, அப்புறம் ஏன் இரும்பு?

நியாயமான கேள்வி. பி.வி.சி., எச்.டி.பி.இ. குழாய்களுக்குத் துரு கிடையாது, எடை குறைவு, தூக்கிப் போடுவது சுலபம். கிராமத் தெருக்களில், சின்ன அளவுகளில் அதைத்தான் அதிகம் போடுகிறார்கள். 300 மி.மீ. டி.ஐ. குழாய் ஒன்றின் எடை 300 கிலோவைத் தாண்டும், கிரேன் வேணும்.

ஆனால் கனரக வண்டி ஓடும் சாலைக்கு அடியில், அழுத்தம் அதிகமுள்ள மெயின் லைனில், நாளைக்கு வேறு துறையினர் தோண்டும்போது ஜே.சி.பி. பல் படக்கூடிய இடத்தில் இரும்பின் பலம் கைகொடுக்கும். ஆக, 'எது நல்லது' என்று பொதுவாகக் கேட்பதைவிட, 'எந்த இடத்துக்கு எது' என்று கேட்பதுதான் சரி.

வயது விஷயத்திலும் இரும்புக்கு நல்ல சாட்சி உண்டு. பிரான்சின் வெர்சாய் அரண்மனைக்கு 1664-ல் போட்ட வார்ப்பிரும்புக் குழாய்கள் 300 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தன. சென்னைக்கு 1914-ல் கீழ்ப்பாக்கம் குடிநீர் நிலையம் வந்தது. தி.நகர் மேட்லி சாலைக்குப் பெயர் தந்த பொறியாளர் மேட்லி காலத்துப் பணி அது. நகரின் பழைய பகுதிகளில் நூறு வருஷத்தை எட்டிய வார்ப்பிரும்புக் குழாய்களை மாற்றும் வேலை நம் காலத்தில்தான் நடக்கிறது. ஒழுங்காகப் போட்டால் இரும்பு ஒரு நூற்றாண்டு உழைக்கும். ஒழுங்காகப் போடாவிட்டால் முதல் மழைக்கே சாலை உள்வாங்கும்.

உங்க தெருவில் வேலை நடந்தால் என்ன பார்க்கலாம்?

மூடிய பிறகு எதுவும் தெரியாது. பள்ளம் திறந்திருக்கும்போது பார்க்க வேண்டியவை இவை:

• முத்திரை: குழாயிலும் ஃபிட்டிங்ஸிலும் நிறுவனப் பெயர், அளவு, வகுப்பு, தயாரித்த ஆண்டு இருக்கணும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கா என்றும் பாருங்கள். குழாயில் மட்டும் பார்த்துவிட்டுப் பெண்டையும் டீயையும் விட்டுவிடாதீர்கள்.

• படுக்கை: குழாய் கல்லின் மேலோ கட்டட இடிபாடுகளின் மேலோ உட்காரக்கூடாது. மணலோ நல்ல மண்ணோ அடியில் இருக்கணும்.

• பூச்சு: தரையில் தரதரவென்று இழுத்து வந்தால் வெளிப்பூச்சு போய்விடும். வெட்டிய முனையையும் பூச்சு உரிந்த இடத்தையும் மறுபடி பூசணும்.

• ரப்பர் வளையம்: மண்ணோடு திணித்தால் கசியும். துடைத்து, வழவழப்பு பூசித்தான் தள்ளணும். வெட்டிய குழாயின் முனையைச் சரிவாகத் தேய்க்காமல் தள்ளினால் ரப்பர் கிழியும்.

• கான்கிரீட் கட்டை: வளைவு, டீ, முடிவு முனை மூன்று இடத்திலும் இருக்கா?

• அழுத்தச் சோதனை: இணைப்புகளை முழுசா மூடுவதற்கு முன்பே தண்ணீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றிப் பார்த்தார்களா?

இதைக் கேட்க பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. வார்டு கவுன்சிலரிடமோ, ஊராட்சித் தலைவரிடமோ, களத்தில் நிற்கும் உதவிப் பொறியாளரிடமோ கேட்கலாம். சோதனை அறிக்கை, குழாய் கொள்முதல் விவரம் ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கவும் வழி இருக்கு.

சுருக்கமா சொன்னா...

செதிலை உருண்டையாக்கியதில் இரும்பின் பிரச்சினை பெரும்பாலும் 1940-களிலேயே தீர்ந்துவிட்டது. இன்று குழாய் உடைந்தால், காரணத்தை இரும்பில் மட்டும் தேடினால் போதாது. மெக்னீசியத்தின் வீரியம் இறங்கிய பிறகு ஊற்றிய பெண்டிலும், கட்டை போடாத வளைவிலும், சோதிக்காமல் மூடிய பள்ளத்திலும் தேட வேண்டும்.

15 கோடி வீடுகளுக்குக் குழாய் போய்ச் சேர்ந்தது பெரிய விஷயம்தான். அந்தக் குழாய்களில் அடுத்த தலைமுறைக்கும் தண்ணீர் வருமா என்பதை, ரிப்பன் வெட்டும் நாளைவிட பள்ளம் மூடும் நாள்தான் தீர்மானிக்கிறது.